மீதிப் பணம் யார் பையிலிருந்து வருகிறது?

ஏழைகளுக்குச் சேவையும் செய்து வியாபாரமும் நடத்துகிற ‘சமூக நிறுவனம்’ என்று கென்யச் சட்டத்தில் ஒரு வகை கிடையாது. பங்கு நிறுவனம் உண்டு, பங்கில்லாத உத்தரவாத நிறுவனம் உண்டு, தொண்டு நிறுவனம் உண்டு, கூட்டுறவுச் சங்கம் உண்டு, ஒரு தெருப் பெண்கள் சேர்ந்து பதிவு செய்யும் சுயஉதவிக் குழு உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்றாகப் பதிவு செய்துகொண்டு, அப்புறம் தன்னைத் தானே சமூக நிறுவனம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். பலர் இரண்டாகப் பதிவு செய்கிறார்கள்: நன்கொடை வாங்க ஒன்று, முதலீடு வாங்க இன்னொன்று. தாய் நிறுவனம் அமெரிக்காவின் டெலவேரிலோ மொரிஷியஸிலோ இருக்கும். ஆட்கள், வண்டிகள், குடோன், பாக்கி வைத்த வாடிக்கையாளர்கள் எல்லாம் கென்யாவில் இருப்பார்கள்.

சட்டத்தின் வேகத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தொண்டு நிறுவனங்களுக்கான புதிய சட்டம் 2013 ஜனவரியில் கையெழுத்தானது. அமலுக்கு வந்தது 2024 மே 14-ல். இடையில் மூன்று ஜனாதிபதிகளைப் பார்த்துவிட்டது அந்தச் சட்டம்.

நான் நைரோபியில் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன். ஏழைகளுக்குச் சேவை, கூடவே வியாபாரம் என்று இயங்கும் நிறுவனங்களின் ஏடுகளை வருடா வருடம் புரட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. என் வாடிக்கையாளர்கள் யாரைப் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை; அது தொழில் தர்மமும் இல்லை, சட்டமும் இடம் தராது. ஊரறிந்த, பத்திரிகைகளில் வந்த நிறுவனங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஆனால் பார்க்கிற கண் தணிக்கைக்காரனின் கண்தான். அதாவது, வரவு செலவுக் கணக்கைத் திறந்ததும் என் கை முதலில் போவது விற்பனைத் தொகைக்கு இல்லை, அதற்குக் கீழே ‘மானிய வருமானம்’ என்று எழுதியிருக்கும் தொகைக்கு.

ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஏழைக்கு ஒரு பொருளையோ சேவையையோ தர ஆகும் செலவு ஒன்று. அவரால் கொடுக்க முடிவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால் சாதாரணக் கடைக்காரரே அந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருப்பார். இடைவெளி இருப்பதால்தான் சமூக நிறுவனம் தேவைப்படுகிறது. அப்படியென்றால் அந்த மீதியை யாரோ கொடுத்தாக வேண்டும். அமெரிக்க அறக்கட்டளையா, பிரிட்டிஷ் வரி செலுத்துபவரா, நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் முதலீட்டாளரா, குறைந்த சம்பளம் வாங்கும் ஊழியரா, அல்லது சுற்றி வளைத்து அதே ஏழையா? நிறுவனத்தின் இணையதளத்தில் இதற்குப் பதில் இருக்காது. கணக்கில் இருக்கும்.

ஆப்பிரிக்காவில் இந்த வகை நிறுவனங்கள் நைரோபியில் வந்து குவிந்ததற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். ஆங்கிலம் புழங்கும் ஊர். கிகிரியில் ஐ.நா. வளாகம். எங்கிருந்தும் விமானம் உண்டு. 2010-ல் ஐஹப் என்ற இடம் திறந்த பிறகு மடிக்கணினி இளைஞர்கள் கூட ஓர் இடம் கிடைத்தது. வெயிலும் குளிரும் அளவானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் தருபவர்கள் வாழ விரும்பும் ஊரில்தான் பணம் தங்கும். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை.

2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கிய எம்-பெசாவை இன்று எல்லாரும் தனியார் துறையின் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். அதன் விதைப்பணத்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறையிடமிருந்து வந்தது. 2005-ல் நடந்த முதல் சோதனை, நுண்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசியில் கட்டுவதற்கானது. மக்கள் அதை ஊருக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்தத் தொடங்கியதும் திட்டமே மாறியது. பின்னாளில் தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, கென்யக் குடும்பங்களில் ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 1,94,000 குடும்பங்கள், எம்-பெசாவால் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்திருந்தன. அரசு இதை வரி வசூலிக்கும் வாய்ப்பாகவும் பார்த்தது. பணம் அனுப்பும் கட்டணத்தின் மீது 2013-ல் 10 சதவீதமாக இருந்த கலால் வரி, 2023-ல் 15 ஆகிவிட்டது.

எம்-பெசா இல்லாமல் எம்-கோப்பா இல்லை. எம்-பெசாவின் பின்னணியில் இருந்த நிக் ஹியூஸ் உள்ளிட்ட மூவர் தொடங்கிய நிறுவனம் அது. கூரையில் சிறு சோலார் பலகை, சில விளக்குகள், கைபேசி சார்ஜ் செய்ய வசதி, ஒரு ரேடியோ. ஆரம்ப வருடங்களில் முன்பணம் சுமார் 3,000 ஷில்லிங். அப்புறம் தினமும் 50 ஷில்லிங், ஒரு வருடத்துக்கு. கட்டாத நாளில் பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக விளக்கு நின்றுவிடும். கட்டினால் எரியும். மண்ணெண்ணெய்க்கு ஏற்கெனவே தினம் செலவழித்துக்கொண்டிருந்த பணத்தைத்தான் அவர்கள் குறிவைத்தார்கள். கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 21,000 ஷில்லிங்குக்கு மேல் ஆனது. கையில் ரொக்கம் இருப்பவருக்கு அதே பொருள் இவ்வளவு ஆகியிருக்காது.

இதை மோசடி என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். பத்திரமில்லாமல், சம்பளச் சீட்டு இல்லாமல், கிராமத்தில் இருக்கும் ஒருவருக்குக் கடன் கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு. வட்டிக்காரரிடம் அந்த விலை இதைவிட அதிகம். ஆனால் இங்கே மீதிப் பணத்தின் பெரும் பங்கை ஏழையே தவணையில் கட்டுகிறார் என்பதை மறைக்கக் கூடாது. மானியத்தில் ஓடும் நிறுவனத்துக்கும் வட்டியில் ஓடும் நிறுவனத்துக்கும் ஒரே பெயர்ப் பலகை மாட்டியிருப்பதுதான் குழப்பம்.

எம்-கோப்பா விஷயத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் இருக்கிறது. 2015-ல் அரசு மின் இணைப்புக் கட்டணத்தை 35,000 ஷில்லிங்கிலிருந்து 15,000-ஆகக் குறைத்தது. கிராமங்களுக்குக் கம்பிகள் வேகமாகப் போயின. மின்சாரம் வந்த வீட்டில் சோலார் விளக்குக்கு என்ன வேலை? போதாததற்கு 2020 நிதிச் சட்டம் சோலார் பொருட்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை நீக்கி 14 சதவீத வரி போட்டது. ஒரு வருடம் கழித்து 2021-ல் விலக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் சிறிய விநியோகஸ்தர்கள் பட்ட பாடு தனிக்கதை. எம்-கோப்பா இன்று பெருமளவு விற்பது ஸ்மார்ட்போன்கள். அதே தினத்தவணை, கட்டாவிட்டால் பூட்டிக்கொள்ளும் அதே உத்தி. 2023-ல் 25 கோடி டாலர் திரட்டினார்கள். அதில் 20 கோடிக்கு மேல் கடன். வியாபாரமாகப் பார்த்தால் பிரமாதம். ஆனால் விளக்கு விற்றபோது சொன்ன சமூகப் பயன் கணக்கை ஸ்மார்ட்போனுக்கும் அப்படியே நகலெடுத்து ஒட்ட முடியுமா என்று கேட்டால், சம்பந்தப்பட்டவர்கள் கொஞ்சம் நெளிவார்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கென்ய நகரத்து ஏழை வீடுகளில் கரியடுப்பு, அதாவது ஜீக்கோ, அன்றாடப் பொருள். 1980-களில் தாய்லாந்து வாளி அடுப்பைப் பார்த்து, தகரக் கூட்டுக்குள் சுட்ட களிமண் வைத்த ஓர் அடுப்பை இங்கே வடிவமைத்தார்கள். கரி குறைவாகப் பிடிக்கும். யாரும் காப்புரிமை எடுத்துப் பூட்டிவைக்கவில்லை. ‘ஜுவா காலி’ என்று இங்கே அழைக்கப்படும் வெயிலடித் தொழிலாளர்கள், மரத்தடியிலும் சாலையோரத்திலும் தகரம் தட்டுபவர்கள், அதைக் கற்றுக்கொண்டு அடித்துத் தள்ளினார்கள். இன்று அது இல்லாத சந்தை கிடையாது. இதற்கு நிறுவனர் இல்லை, விருது இல்லை, ஆண்டறிக்கை இல்லை. ஆரம்பத்தில் வடிவமைப்புக்கும் பயிற்சிக்கும் வெளிநாட்டு உதவிப் பணம் இருந்தது. வேலை முடிந்ததும் அது விலகிவிட்டது. மீதியைச் சந்தை பார்த்துக்கொண்டது. இதைவிடச் சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை.

அடுத்த தலைமுறை அடுப்பு ஜீக்கோகோவா. பர்ன் என்ற நிறுவனம் நைரோபிக்கு வடக்கே ருய்ருவில் தொழிற்சாலை வைத்துச் செய்வது. நைரோபியில் ஏறத்தாழ ஆயிரம் வீடுகளை வைத்து 2019-ல் ஒரு பரிசோதனை நடந்தது. முடிவுகள் 2022-ல் வெளியாயின. அப்போது அடுப்பின் விலை 40 டாலர். அதை வாங்கியவர்களின் கரிச்செலவு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. இரண்டு வருடத்தில் மிச்சமாகும் பணம் 237 டாலர். ஆனால் ‘எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள்?’ என்று கேட்டால் சராசரியாக வந்த பதில் 12 டாலர்.

பட்டணத்துப் படித்தவர்கள் உடனே ‘அவர்களுக்குப் புரியவில்லை, விழிப்புணர்வு வேண்டும்’ என்பார்கள். ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். மிச்சமாகும் பணத்தை உட்கார்ந்து கணக்குப் போட வைத்தும் பெரிய மாற்றமில்லை. அதே அடுப்பை மூன்று மாதத் தவணையில் தருகிறோம் என்றதும், கொடுக்கத் தயாரான தொகை இரண்டு மடங்கானது. அவர்களுக்குப் புரியாமல் இல்லை. கையில் ஒரே நேரத்தில் 4,000 ஷில்லிங் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்போது அடுப்புக்கான மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது? சமீப வருடங்களில் கார்பன் கிரெடிட்டிலிருந்து. ஒரு வீட்டில் கரி எரிவது குறைந்தால், குறைந்த புகையை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஒரு நிறுவனம் காசு கொடுத்துத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்; அந்தக் காசில் அடுப்பு மலிவாகக் கிடைக்கும். ஏழைக்கு நல்லதுதான். ஆனால் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகளின் அடுப்புத் திட்டங்களை ஆராய்ந்து, உண்மையில் குறைந்ததைப்போல ஒன்பது மடங்குக்கும் அதிகமாகக் கிரெடிட் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னார்கள். எரியும் கரியை நேரடியாக அளந்த திட்டங்களும் இருக்கின்றன, கைபோன போக்கில் எழுதியவையும் இருக்கின்றன. வாங்குபவர் சந்தேகப்பட ஆரம்பித்தால் எல்லாருடைய விலையும் சேர்ந்து விழும். பணம் தருபவர் எங்கோ இருந்து, பயன்பெறுபவர் இங்கே இருந்து, நடுவில் அளப்பவருக்கு அதிகமாக அளப்பதில் லாபம் என்றால், என் தொழிலில் அதற்கு ஒரு பெயர் உண்டு. சபை நாகரிகம் கருதி விடுகிறேன்.

கடன் பற்றிச் சொல்லாமல் இந்த நாட்டைப் பற்றிப் பேச முடியாது. 2024 பிப்ரவரியில் கென்ய அரசு ஓர் உள்கட்டமைப்புக் கடன்பத்திரம் விட்டது. வட்டி 18.46 சதவீதம், அதுவும் வருமான வரி இல்லாமல். 7,000 கோடி ஷில்லிங் கேட்டார்கள். 28,000 கோடிக்கு மேல் விண்ணப்பம் வந்து குவிந்தது. இப்போது நீங்கள் ஒரு வங்கி மேலாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசே 18 சதவீதம் தரும்போது, பழைய பிளாஸ்டிக்கையும் மணலையும் சேர்த்துத் தளக்கல் செய்யும் பெண் வந்து கடன் கேட்டால் கொடுப்பீர்களா? இது கற்பனைப் பாத்திரம் இல்லை. ஜெங்கே மேக்கர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ன்சாம்பி மாட்டே, 2020-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் இளம் சாதனையாளர் விருது பெற்றவர். அவரைப் போன்றவர்கள் உள்ளூர் வங்கியைவிட வெளிநாட்டு விருதையும் மானியத்தையும் நம்ப வேண்டியிருப்பதற்குக் காரணம் ஆர்வமோ நாகரிகமோ இல்லை, இந்த வட்டிக் கணக்குதான்.

வெளிநாட்டுப் பணம் கிடைப்பதிலும் ஆள் பார்த்துத்தான் கிடைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் டிஜிட்டல் நிதிச் சேவை நிறுவனங்களுக்கு 2015, 2016-ல் வந்த முதலீட்டில் 90 சதவீதம், ஐரோப்பாவையோ வட அமெரிக்காவையோ சேர்ந்த ஒரு நிறுவனராவது இருந்த நிறுவனங்களுக்குப் போனது என்று வில்லேஜ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு அமைப்பு 2017-ல் எழுதியது. அந்த அறிக்கை வந்த பிறகு கென்யர்களை இணை நிறுவனராகச் சேர்த்துக்கொள்வது ஒரு வழக்கமாகிவிட்டது. சேர்க்கப்பட்டவருக்கு எத்தனை சதவீதப் பங்கு என்பதைப் பங்குதாரர் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

பணம் டாலரில் வரும், வருமானம் ஷில்லிங்கில் வரும் என்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2023 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 123 ஷில்லிங் அளவில் இருந்தது, 2024 ஜனவரியில் 160-ஐத் தொட்டது. டாலர் கடன் வாங்கிக் கிராமத்து விவசாயிக்கு ஷில்லிங்கில் கடன் கொடுத்தவர்களின் கணக்கில் செலாவணி நஷ்டம் என்ற ஒற்றை வரி மொத்த லாபத்தையும் விழுங்கியது. பிறகு ஷில்லிங் 130-க்குத் திரும்பியது. திரும்பும்வரை எல்லாராலும் மூச்சுப் பிடிக்க முடியவில்லை. வெளிநாட்டு முதலீடு வற்றியதும் அதே காலம்தான். கிராமத்துப் பெட்டிக்கடைகள் வழியாகப் பொருள் கொண்டுசேர்த்த கோப்பியா 2024 மே மாதம் திவால் நிர்வாகிகள் கைக்குப் போய், பிறகு கதவடைத்தது. விவசாயியிடம் வாழைப்பழம் வாங்கி ‘மாமா ம்போகா’ என்கிற தெருவோரக் காய்கறிக்காரிகளுக்குக் கொடுத்த ட்விகா ஆட்குறைப்புக்கு மேல் ஆட்குறைப்பு செய்தது. இருவருமே பொய்யான பிரச்சினையைத் தீர்க்க வந்தவர்கள் இல்லை. கிராமத்துக்குப் பொருள் போய்ச்சேர ஆகும் வண்டிச் செலவு உண்மையிலேயே அதிகம். அதை இத்தனை வருடம் கொடுத்துக்கொண்டிருந்தது முதலீட்டாளரின் பை. அவர் பையை மூடிக்கொண்டார்.

பிரிட்ஜ் என்ற தனியார் பள்ளிகள் பற்றி எழுதினால் இரண்டு பக்கமும் அடி விழும். எழுதித்தான் ஆக வேண்டும். 2009-ல் நைரோபியின் முகுரு குடிசைப் பகுதியில் முதல் பள்ளி. மாதம் சுமார் 6 டாலர் கட்டணம். ஆசிரியர் கையில் ஒரு டேப்லெட். எந்த நிமிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பில் கேட்ஸ், ஸக்கர்பெர்க், உலக வங்கிக் குழுவின் தனியார் முதலீட்டுப் பிரிவான ஐ.எஃப்.சி. என்று பெரிய பெரிய பணம். ஆசிரியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது; அரசு ஆசிரியரைவிட மிகக் குறைந்த சம்பளம் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமர் குழு, உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளிடையே குலுக்கல் முறையில் தேர்வான பிள்ளைகளை ஆராய்ந்து, படிப்பில் பெரிய முன்னேற்றம் இருக்கிறது என்று கண்டது. அது உண்மை. பள்ளிகளில் குழந்தைகளுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகப் புகார்கள் வந்து, உலக வங்கிக் குழுவின் குறைதீர்ப்பு அலுவலகம் விசாரணையில் இறங்கியது, ஐ.எஃப்.சி. 2022-ல் தன் முதலீட்டை விலக்கிக்கொண்டது. அதுவும் உண்மை. 6 டாலரில் பள்ளி நடத்த வேண்டும் என்றால் மீதி எங்கிருந்தோ பிடுங்கப்படும். சம்பளத்திலிருந்தும் மேற்பார்வையிலிருந்தும் பிடுங்கினால், முதலில் அடிபடுவது பிள்ளைகள்தான்.

இந்தக் கூட்டத்தில் சேர்க்கப்படாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். கென்யாவின் சிறு தேயிலை விவசாயிகள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர், கே.டி.டி.ஏ. என்ற தேயிலை நிறுவனம் நிர்வகிக்கும் தொழிற்சாலைகளின் பங்குதாரர்கள். 1964-ல் அரசு வாரியமாகத் தொடங்கி, 2000-ல் விவசாயிகளின் நிறுவனமாக மாறியது அது. கியாம்பு மாவட்டத்தில் 1961-ல் தொடங்கிய கிதுங்குரி பால் கூட்டுறவின் ‘ஃப்ரெஷா’ பால் நைரோபிக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், மட்டாட்டு என்கிற தனியார் சிற்றுந்துகளின் ஓட்டுநர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சாக்கோ, அதாவது சேமிப்புக் கடன் சங்கம். அதற்கும் கீழே சாமா. நம் ஊர் சீட்டுக்கும் மகளிர் குழுவுக்கும் நடுவில் ஒன்று. என் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் பெண்மணி ஒரே நேரத்தில் பல சாமாக்களில் இருக்கிறார், யாருக்கு எந்த மாதம் முறை என்று ஒரு தாளும் இல்லாமல் சொல்வார்.

இவர்களை யாரும் சமூக நிறுவனம் என்று கூப்பிடுவதில்லை. சமூக நிறுவன மாநாடுகளில் சாக்கோ தலைவரை மேடையில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. காரணம் எளிது: மீதிப் பணத்தை உறுப்பினரே போட்டுக்கொள்வதால் வெளியே யாரிடமும் கதை சொல்லத் தேவையில்லை. அதற்காக இவர்கள் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. தேயிலைத் தொழிற்சாலை இயக்குநர் தேர்தல்கள் அப்பட்டமான அரசியல். ஒரு பகுதி விவசாயிக்கு வருட போனஸ் நன்றாகவும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக்கு மேற்கே இருப்பவருக்கு அடிமாட்டு விலையாகவும் போவது ஒவ்வொரு அக்டோபரிலும் சண்டை. சாக்கோக்களில் உறுப்பினர் பணத்தைச் சுருட்டிய கதைகளும் ஏராளம். ஆனால் சண்டை உரிமையாளர்களுக்குள் நடக்கிறது. ஒரு பயனாளியால் டெலவேர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவோடு அப்படிச் சண்டை போட முடியாது.

நடுவில் நிற்பது ஒன் ஏக்கர் ஃபண்ட். 2006-ல் மேற்குக் கென்யாவின் புங்கோமாவில் 38 விவசாயக் குடும்பங்களோடு தொடங்கியது. விதையும் உரமும் கடனாக, நடந்துபோகும் தூரத்தில், மழைக்கு முன்னால். தவணையை முடிந்தபோது முடிந்த அளவு கட்டலாம், குழுவாகப் பொறுப்பு. பெரும்பாலான பணம் திரும்பி வந்துவிடுகிறது, களச் செலவின் பெரும்பகுதிக்கு அது போதும். மீதிக்கு நன்கொடை வாங்குகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். லாபநோக்கற்ற அமைப்பாகவே பதிவு. ‘இன்னும் சில வருடங்களில் சொந்தக் காலில் நிற்போம்’ என்ற வாக்கியத்தை வருடா வருடம் தேதி மாற்றி எழுதும் நிறுவனங்களை அதிகம் பார்த்தவனுக்கு இந்த நேர்மை ஆறுதல்.

கடைசியாகக் கழிப்பறை. மேலே சொன்ன எல்லா முடிச்சும் ஒரே இடத்தில் கூடும் கதை இது.

முகுருவின் பெரும்பகுதியில் சாக்கடைக் குழாய் கிடையாது. தகர அறைகள், நடுவே ஒரு ஆள் போகும் சந்து. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு குழிக் கழிப்பறை. குழி நிறைந்தால் அள்ளி ஆற்றில் விடுவார்கள். இரவில் பெண்கள் வெளியே போகப் பயந்து பிளாஸ்டிக் பையில் கழித்து எறிவதும் உண்டு. எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர் தொடங்கிய சனர்ஜி நிறுவனம் 2011 முதல் இங்கே ‘ஃப்ரெஷ் லைஃப்’ என்ற நீலக் கழிப்பறைகளை நிறுவியது. குழி இல்லை, கீழே டப்பா. நிறைந்த டப்பாவை எடுத்து, காலி டப்பா வைத்து, சந்துகளில் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டுபோய், லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கினானியேவில் உள்ள ஆலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மலத்தையும் சந்தைக் கழிவையும் தின்று ஒரு வகை ஈயின் புழுக்கள் கொழுக்கும். புழு கோழித் தீவனமாகும். மிஞ்சியது இயற்கை உரம்.

முதல் திட்டப்படி, உள்ளூர்க்காரர் ஒருவர் கழிப்பறையை விலைக்கு வாங்கி, உபயோகிப்பவரிடம் தடவைக்கு 5 ஷில்லிங் வாங்கிச் சம்பாதிக்க வேண்டும். உரமும் தீவனமும் விற்று நிறுவனம் லாபம் பார்க்க வேண்டும். காகிதத்தில் அழகு. ஐந்து பேர் குடும்பம், ஆளுக்குத் தினம் இரண்டு தடவை என்றால் மாதம் 1,500 ஷில்லிங். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது முடியாது. அதனால் பிறகு வீட்டுக்காரர்களிடம் மாதக் கட்டணம், வாடகையோடு சேர்த்து, குடியிருப்பவருக்கு இலவசம் என்று மாற்றினார்கள். புழங்குபவர் கூடினார்கள். ஆனால் உரமும் தீவனமும் அள்ளும் செலவைக் கட்டவில்லை. சந்தையில் கோழித் தீவனத்துக்கு ஒரு விலைதான், அது எந்தப் புழுவிலிருந்து வந்தாலும். முடிவில் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது: கழிப்பறையும் அள்ளுவதும் ஃப்ரெஷ் லைஃப் என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம், உரமும் தீவனமும் ரீஜென் ஆர்கானிக்ஸ் என்ற வணிக நிறுவனத்திடம்.

இதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் இருக்கும் கிலிமானியில் என் வீட்டுக் கழிவு குழாயில் போகிறது. அந்தக் குழாயைப் போட்ட பணம் அரசுப் பணம், அரசுக் கடன். நான் தடவைக்கு 5 ஷில்லிங் கொடுத்து அதை ஈடுகட்டவில்லை. எனக்குக் கிடைத்த மானியத்துக்கு ‘நகராட்சி’ என்று பெயர், முகுருக்காரருக்கு மட்டும் ‘வணிக மாதிரி’ வேண்டுமாம். கென்யாவின் 2010 அரசியல் சட்டம் 43-வது பிரிவில் முறையான சுகாதார வசதியை உரிமை என்கிறது. 2013 முதல் அது கவுண்டி அரசுகளின், அதாவது மாவட்ட அளவிலான அரசுகளின், பொறுப்பு. ஆகவே ஃப்ரெஷ் லைஃப் இப்போது கேட்பது சரியான ஆளிடம்தான்: அள்ளும் செலவின் ஒரு பங்கைக் கவுண்டியும் தண்ணீர் வாரியமும் ஏற்க வேண்டும், குழாய் போடுவதைவிட இது மலிவு என்று. கிசுமுவிலும், ஜாம்பியாவின் லுசாக்காவிலும் அதே பேச்சு.

2025 ஜனவரியில் அமெரிக்க உதவிப் பணம் ஒரே கையெழுத்தில் நின்று, ஜூலையில் யு.எஸ்.எய்ட் அமைப்பே மூடப்பட்ட பிறகு இந்தப் பேச்சு அவசரமாகிவிட்டது. பல நிறுவனங்களின் ஏட்டில் நான் முதலில் தேடும் அந்த ‘மானிய வருமானம்’ திடீரென்று மெலிந்தது. இனி அரசிடம்தான் போக வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்; நானும் சொல்வேன். சிக்கல் என்னவென்றால், நைரோபி கவுண்டி தன் ஒப்பந்தக்காரர்களுக்கு வைத்திருக்கும் பாக்கி பல ஆயிரம் கோடி ஷில்லிங். பல வருடங்களாகத் தேங்கி, ஒவ்வொரு ஆளுநரும் முந்தைய ஆளுநர் தலையில் போடுவது. கவுண்டியோடு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பத்திரிகைகளில் படம் வரும். எங்களுக்கு அடுத்த வேலை வேறு: கவுண்டியிடமிருந்து வரவேண்டிய தொகை எத்தனை நாள் தாண்டினால் வாராக்கடன் என்று எழுதுவது. ஓர் அரசாங்கம் கொடுக்க வேண்டிய பணத்தை வாராது என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 365 நாள் என்கிறேன் நான். என் கூட்டாளி 90-க்கு மேல் ஒரு நாள்கூட ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார்.